சினிமாவுக்கும் வேண்டும் அப்ரண்டிஸ்

தமிழ் பேசிய முதல் படமான ‘காளிதாஸ்’ 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி, சென்னையில் கினிமா சென்ட்ரல் என்னும் கொட்டகையில் திரையிடப்பட்டது. பிற்காலத்தில் முருகன் டாக்கீஸ் என்று பெயர் பெற்ற அந்தக் கொட்டகை இருந்த இடம், சினிமா என்றதும் இன்று எல்லோருக்கும் நினைவுக்கு வருகிற கோடம்பாக்கமோ வடபழனியோ அல்ல. துறைமுகத்துக்கு அடுத்த ஜார்ஜ் டவுன். அங்கிருந்து வடக்கே போனால் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று மீனும் எண்ணெயும் இரும்பும் மணக்கிற நெடிய கடலோரம் தொடங்கிவிடுகிறது. அந்தப் படத்தின் கதாநாயகி டி.பி. ராஜலக்ஷ்மி அடுத்த ஐந்தே ஆண்டுகளில், தாம் எழுதிய நாவலைத் தாமே தயாரித்து, தாமே இயக்கி, ‘மிஸ் கமலா’ என்ற பெயரில் 1936இல் வெளியிட்டார். பெண்ணால் படம் எடுக்க முடியுமா என்ற சந்தேகத்துக்கு அன்றே பதில் கிடைத்துவிட்டது. ஆகவே அந்தச் சந்தேகத்தை இன்னமும் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கும் பெரியவர்களோடு வாதாடி இந்தப் பத்தியின் இடத்தை வீணாக்கும் உத்தேசம் எனக்கில்லை. நான் கேட்க விரும்புவது வேறு: முடியும் என்று தெரிந்த பிறகும், அந்தத் தொழிலை ஒரு பெண்ணுக்குக் கற்றுக்கொடுப்பது யார், கற்றுக்கொள்ளும் காலத்தில் அவளுக்குச் சோறு போடுவது யார்?

சினிமா என்பது புத்தகத்தைப் படித்துப் பரீட்சை எழுதித் தேறிவிடக்கூடிய வித்தை அன்று. சர்க்கார் நடத்தும் திரைப்படக் கல்லூரி நம் ஊரில் 1945 முதலே இருந்துவருகிறதென்றாலும், அங்கே படித்தவர்கள்கூட, தேர்ந்த ஒருவரின் பக்கத்தில் நின்று, அவர் எதைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார், எதைப் பார்த்து முகம் சுளிக்கிறார் என்று கவனித்துக் கவனித்துத்தான் மீதித் தொழிலைக் கைவசப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒளிப்பதிவாளர் அசோக்குமாரை எடுத்துக்கொள்ளலாம். மகேந்திரனின் படங்களில் அவர் செய்த வெளிச்ச வேலைப்பாட்டைப் பற்றி ரசிகர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். ஆனால் பெண்கள் காமிராவுக்கு அருகில் வருவதே அபூர்வமாயிருந்த நாளில், அவர் இரண்டு பெண்களைத் தம் யூனிட்டில் சேர்த்துக்கொண்டு தொழில் பழக்கினார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒருவர், திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்துவிட்டு வந்த சுஹாசினி. பின்னால் நடிகையாகி, தூர்தர்ஷனுக்கு ‘பெண்’ தொடரையும் திரைக்கு ‘இந்திரா’வையும் இயக்கியவர். மற்றொருவர் பி.ஆர். விஜயலட்சுமி, 1985இல் பாக்யராஜின் ‘சின்ன வீடு’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்து, இந்நாட்டின் முதல் பெண் ஒளிப்பதிவாளர்களில் ஒருவரானவர்.

இந்த இருவரின் சாமர்த்தியத்தைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனாலும் உண்மையைச் சொல்லாமல் விடுவதும் நியாயமாகாது: விஜயலட்சுமி, பி.ஆர். பந்துலுவின் மகள், சுஹாசினி, சாருஹாசனின் மகள், கமல்ஹாசனின் அண்ணன் மகள். ஸ்டூடியோவின் வாசற்படி அவர்களுக்குப் பிறந்த வீட்டுப் படி மாதிரி பரிச்சயமானது. திறமை அவர்களுடையது, ஆனால் அந்தத் திறமையைக் குருவின் கண்ணுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது குடும்பம். காசிமேட்டில் வலை பின்னுகிறவர் மகளுக்கோ எண்ணூரில் கான்ட்ராக்ட் கூலியாக இருப்பவர் மகளுக்கோ அந்தப் படி எங்கே இருக்கிறது என்பதே தெரியாது.

பெண்ணே பெண்ணுக்குக் கை கொடுத்த கதையும் நம்மிடம் உண்டு. அது கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தக்கது. 2002இல் நடிகை ரேவதி ‘மித்ர், மை ஃப்ரெண்ட்’ என்ற ஆங்கிலப் படத்தை இயக்கினார். சிறந்த ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருது, நடித்த ஷோபனாவுக்கு ஒரு விருது, படத்தொகுப்பாளர் பீனா பாலுக்கு ஒரு விருது என்று அப்படத்துக்குக் கீர்த்தி கிடைத்தது. ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்த யூனிட்டின் ஜாபிதா. முக்கியத் துறைகள் பலவற்றிலும் பெண்களே இருந்தார்கள். ஒளிப்பதிவு ஃபௌசியா பாத்திமா, அவருக்கு அதுவே முதல் முழுநீளப் படம், இசை பவதாரிணி, திரைக்கதையில் பங்கெடுத்தவர்கள் வி. பிரியாவும் சுதா கொங்கராவும். அந்த ஜாபிதாவிலிருந்து என்னென்ன கிளைத்தன என்று பாருங்கள். பிரியா 2005இல் ‘கண்ட நாள் முதல்’ எடுத்தார். ஃபௌசியா பாத்திமா 2017இல், நாடு முழுவதும் சிதறிக்கிடந்த பெண் ஒளிப்பதிவாளர்களை ஒன்று சேர்த்து, இந்தியப் பெண் ஒளிப்பதிவாளர் கூட்டமைப்பு உருவாவதற்குக் காரணமாக இருந்தார். சுதா கொங்கரா மணிரத்னத்திடம் ஏறக்குறைய ஏழாண்டு உதவி இயக்குநராக உழைத்தார். 2010இல் அவர் எடுத்த ‘துரோகி’ ஓடவில்லை. அடுத்த படமான ‘இறுதிச்சுற்று’ திரைக்கு வர 2016 ஆயிற்று. அதற்குப் பின் ‘சூரரைப் போற்று’ வந்ததும், அது ஐந்து தேசிய விருதுகளைப் பெற்றதும் எல்லோரும் அறிந்ததே.

விருதுகளை விட, இடையில் கிடந்த அந்த ஆறு வருஷங்களைத்தான் நான் யோசிக்கிறேன். முதல் படம் தோற்ற ஆண் இயக்குநர் மறுபடி கதை சொல்லப் போகும்போது, ‘போன தடவை நேரம் சரியில்லை’ என்று ஆறுதல் சொல்லுகிற தயாரிப்பாளர்கள் நம்மிடையே ஏராளம். முதல் படம் தோற்ற பெண்ணுக்கோ, தோற்றது அவள் படம் மட்டுமல்ல, அவளுக்குப் பின்னால் நிற்கிற பெண்கள் அத்தனை பேருமே என்று கணக்கெழுதிவிடுகிறார்கள். அந்த ஆறு வருஷத்தைத் தாங்கி நிற்பதற்கு மன உறுதி மட்டும் போதாது. குடும்பத்தில் ஒரு வருமானமும், தொழிலில் தன்னை மறக்காத நாலு பேரும் வேண்டும்.

‘இறுதிச்சுற்று’ வடசென்னையில் மீன் விற்கும் ஒரு பெண்ணைக் குத்துச்சண்டை வீராங்கனையாக்கப் பாடுபடும் பயிற்சியாளரின் கதை. முரட்டுச் சுபாவம் உள்ள ஒரு திறமையைக் கண்டுபிடித்து, அதற்காகத் தன் மானத்தையும் காசையும் பணயம் வைக்கிற குருவைப் பற்றிய அந்தப் படத்தை, ஏழாண்டு குருகுலவாசம் செய்த பெண் ஒருவர் எடுத்தார் என்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. ஆனால் அதே படத்தைப் பார்த்துக் கைதட்டிய நம் பகுதிப் பெண்களில் எத்தனை பேர் காமிராவுக்குப் பின்னால் போய் நின்றார்கள்? வியாசர்பாடியில் ‘மெட்ராஸ்’ வந்தது. ‘வட சென்னை’ வந்தது. ‘சார்பட்டா பரம்பரை’ வந்தது. நம் சுவர்களும், நம் சந்துகளும், நம் பாஷையும், நம் வசவுகளும்கூட நல்ல விலைக்குப் போயின. நம் பெண்களுக்குக் கிடைத்த இடமோ பெரும்பாலும் கூட்டத்தில். ஒரு நாள் பேட்டாவும் மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலமும்.

இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. தொழில் நஷ்டம் என்றே சொல்லுகிறேன். உதவி இயக்குநர்களில் இளையவர் யாரோ அவர்தான் கிளாப் போர்டு பிடிப்பார். காட்சி எண், ஷாட் எண், டேக் எண் எழுதுவார். அவரோ அவருக்கு அடுத்தவரோ கன்டினியூட்டி நோட்டைப் பார்த்துக்கொள்வார். கூடையை மீன்காரப் பெண் இடுப்பின் எந்தப் பக்கம் வைத்திருந்தாள், முந்தானை எதுவரை நனைந்திருந்தது, தட்டில் ஐஸ் எவ்வளவு உருகியிருந்தது என்பதெல்லாம் அந்த நோட்டில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் காலை ஐந்து மணிக்கு எடுத்த ஷாட்டும் பத்து மணிக்கு எடுத்த ஷாட்டும் எடிட்டிங்கில் ஒன்றோடொன்று ஒட்டாது. விடியற்காலை ஏலத்தில் கண் தெளிந்து கிடக்கிற சங்கரா, வெயில் ஏறியதும் கண் குழிந்து நிறம் மங்கிப்போவதை, தென்சென்னையிலிருந்து யூனிட் வண்டியில் வந்திறங்கிய பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் சட்டென்று கவனிக்க மாட்டான். காசிமேட்டுப் பெண்ணுக்கு அது கண்ணில் முள்ளாகக் குத்தும். தாயின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சிறு வயது முதல் பார்த்த காட்சி அது. இத்தகைய கண்ணைக் கூட்டத்தில் நிறுத்திவிட்டு, இயற்கையாக வரவில்லையே என்று மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்து கவலைப்படுவது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

தக்க கை கிடைத்தால் இங்கிருந்து என்ன வரும் என்பதற்கு இசைத் துறையில் அத்தாட்சி இருக்கிறது. ராயபுரத்தில் வளர்ந்த இசைவாணிக்கு முதல் ஆசிரியர், வாத்தியம் வாசிக்கும் தகப்பனாரே. சாவு வீட்டிலும் தெருமுனையிலும் ஆண்கள் பாடிவந்த கானாவை அவர் பாட ஆரம்பித்து, 2017இல் பா. ரஞ்சித்தின் முயற்சியாலும் இசையமைப்பாளர் டென்மாவின் பயிற்சியாலும் உருவான ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் இடம்பெற்றார். 2020இல் பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் வரிசையில் அவர் பெயர் வந்தது. அந்தக் குழு தோன்றாதிருந்தால் அவர் குரல் இல்லாமற் போயிருக்காது. நாலு தெருவுக்குள் நின்றிருக்கும்.

இனி, நம் பகுதியில் ஒரு பெண், பிளஸ் டூவோ விஷுவல் கம்யூனிகேஷன் பட்டப் படிப்போ முடித்துவிட்டு, உதவி இயக்குநராகப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் நடப்பதைப் பார்ப்போம். அவள் தாயார் கலையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்க மாட்டார். ‘சம்பளம் எப்போ குடுப்பாங்க, ராத்திரி யாரு கொண்டாந்து வுடுவாங்க?’ என்று இரண்டே கேள்விகள் கேட்பார். சினிமாவில் பெண்களின் முன்னேற்றத்தைப் பற்றி நடத்தப்படும் கருத்தரங்குகளில் நான் கேட்ட பிரசங்கங்கள் அனைத்தையும் சேர்த்தாலும் இந்த இரண்டு கேள்விகளின் எடைக்கு வராது. கதை விவாதக் காலத்தில் சம்பளம் என்று ஒன்று அநேகமாகக் கிடையாது. படப்பிடிப்புத் தொடங்கிய பின் பேட்டா வரும், வராமலும் போகும். படம் நின்றுவிட்டால் அத்தனை உழைப்பும் அனுபவம் என்ற பெயரில் வரவு வைக்கப்படும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை இந்த அனுபவத்தை இரண்டு மூன்று வருஷம் சம்பாதிக்கலாம். மாதா மாதம் மகளின் பதினைந்தாயிரத்தை எதிர்பார்த்திருக்கும் வீட்டில் அது சாத்தியமல்ல. அந்தப் பெண் ஏற்றுமதிக் கம்பெனியிலோ துணிக்கடையிலோ சேர்ந்துவிடுகிறாள். வழியும் சுலபமல்ல. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததிலிருந்து, திருவொற்றியூரிலிருந்து ஏறி சென்ட்ரலில் மாறி வடபழனி போய்ச் சேருவது முன்னைக்கு இப்போது எவ்வளவோ மேல். ஆனால் படப்பிடிப்பு முடிவது மெட்ரோவின் கடைசி வண்டியைக் கேட்டுக்கொண்டு அல்லவே.

இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரம் எங்கோ ஐரோப்பாவில் இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். எனக்கென்னவோ அது எண்ணூர் நெடுஞ்சாலையிலேயே இருப்பதாகத் தோன்றுகிறது. என்ஃபீல்டு, லேலண்டு, விம்கோ என்று தொழிற்சாலைகளின் பேரைச் சொல்லியே அடையாளம் காட்டிக்கொண்ட பகுதி இது. ‘தம்பி அப்ரண்டிஸாச் சேந்துட்டான்’ என்று சொன்னாலே தெருவில் மரியாதை கூடிய காலம் ஒன்று இருந்தது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் சொல்லுவது என்ன? தொழில் கற்க வருகிறவனோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். எத்தனை காலம் பயிற்சி என்று முன்கூட்டியே வரையறுக்க வேண்டும். கற்கும் காலத்திலேயே உதவித்தொகை கொடுக்க வேண்டும். முடிவில் பரீட்சை வைத்துச் சான்றிதழ் தர வேண்டும். லேத் பட்டறையில் மேஸ்திரி ஒருவர் கோபக்காரராக இருக்கலாம், நல்லவராக இருக்கலாம். பையனின் உதவித்தொகை மேஸ்திரியின் மனநிலையைப் பொறுத்ததல்ல. குருபக்தியை நான் பழிக்க வரவில்லை. ஆனால் ஒருவருடைய தயவில் மட்டுமே நிற்கிற கல்வி, அந்தத் தயவு திரும்பும்போது தானும் போய்விடுகிறது.

தயவுக்கு விலை கேட்கப்படும் இடங்களும் உண்டு என்பதைக் கேரளம் நமக்குக் காட்டிவிட்டது. 2017இல் நடிகை ஒருவருக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, அங்குள்ள பெண் கலைஞர்கள் ‘விமன் இன் சினிமா கலெக்டிவ்’ என்ற அமைப்பாகத் திரண்டு வற்புறுத்தியதன் பேரில் நீதிபதி ஹேமா தலைமையில் குழு அமைந்தது. 2019 டிசம்பரில் அரசிடம் கொடுக்கப்பட்ட அறிக்கை, பல பகுதிகள் நீக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அதில் அதிகம் பேசப்பட்டவை பாலியல் தொல்லைகள். ஆனால் எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமை, கழிப்பறையும் உடை மாற்ற இடமும் இல்லாமை முதலிய சாதாரணக் குறைகளும் அதே அறிக்கையில் இருக்கின்றன. சாதாரணக் குறைகளிலிருந்துதான் அசாதாரணக் கொடுமைகள் முளைக்கின்றன என்பது என் அபிப்பிராயம். வாய்ப்பைக் கொடுக்கவும் பிடுங்கவும் ஒரே மனிதருக்கு அதிகாரம் இருந்து, அதற்குக் காகிதத்தில் ஒரு வரி சாட்சியும் இல்லாதபோது, புகார் எழுத யார் துணிவார்கள்?

சினிமாக் கம்பெனி என்பது லேலண்டு தொழிற்சாலை மாதிரி நிரந்தர ஸ்தாபனம் அல்லவே, படம் முடிந்ததும் ஆபீசையே காலி செய்துவிடுகிறார்களே, அதில் அப்ரண்டிஸ் எப்படி என்று கேட்பார்கள். நியாயமான ஆட்சேபம். ஆகையினாலேதான் ஒப்பந்தம் தயாரிப்பாளரோடு இருக்கக் கூடாது, தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியோடு இருக்க வேண்டும். பயிற்சிக்கு வரும் பெண் அந்தக் கல்லூரியின் பதிவேட்டில் இருப்பாள். உதவித்தொகை அங்கிருந்து வரும். ஆறு மாதம் ஒரு யூனிட், ஆறு மாதம் இன்னொன்று என்று அவள் அனுப்பப்படுவாள். முதல் ஆறு மாதத்தைச் சீரியலில் கழிக்கச் செய்வது உசிதம் என்று நினைக்கிறேன். சினிமாக்காரர்கள் சீரியலை இளக்காரமாகப் பேசுவது சகஜம். ஆனால் தினந்தோறும் ஒரு எபிசோட் கொடுத்தாக வேண்டிய நிர்ப்பந்தத்தில், ஒரே வீட்டில், தெரிந்த முகங்களோடு, வருஷக்கணக்கில் ஓடுகிற வேலை அது. ஒரு சினிமாவில் ஒரு மாதத்தில் பார்க்கிற ஷாட்டுகளைச் சீரியல் யூனிட் ஒரு வாரத்தில் பார்த்துவிடும். 1999இல் ராதிகாவின் ராடான் நிறுவனம் ‘சித்தி’யைத் தொடங்கியபோது, பெண் ஒருவர் கம்பெனி நடத்திக்கொண்டே நடிக்கவும் முடியும் என்பதைத் தமிழ் வீடுகள் இரவுதோறும் பார்த்தன. பெண்களை நம்பியே பிழைக்கிற சீரியல்களில் இயக்குநர் நாற்காலி மட்டும் இன்னும் பெரும்பாலும் ஆண்களிடமே இருப்பதற்கு, பழக்கத்தைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

சங்கங்களும் வழிவிட வேண்டும். மும்பையில் ஒப்பனைக் கலைஞர் சங்கம், பெண்கள் தலை அலங்காரம் செய்யலாம், முகத்துக்கு ஒப்பனை செய்யக் கூடாது என்று பல்லாண்டுகளாக விதி வைத்திருந்தது. சாரு குரானா என்பவர் உச்ச நீதிமன்றம் வரை போய், 2014 நவம்பரில்தான் அது செல்லாதென்று தீர்ப்புப் பெற்றார். அத்தகைய விதி எழுத்தில் இல்லாத இடத்தில், யூனியன் கார்டுக்குக் கட்ட வேண்டிய பணமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. பயிற்சி முடித்த பெண்ணுக்கு அந்தக் கட்டணத்தைத் தவணையில் வாங்கிக்கொள்ள திரைத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சி இசைந்தால் அதுவே பெரிய உபகாரம்.

தனி மனிதர்கள் செய்திருப்பதை மறுக்கலாகாது. வெற்றிமாறனிடம் உதவி இயக்குநராக இருந்த வர்ஷா பரத், அவருடைய தயாரிப்பிலேயே ‘பேட் கேர்ள்’ எடுத்து, 2025இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் நெட்பேக் விருது பெற்றார். அதே வெற்றிமாறன் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணமின்றித் திரைக்கலை கற்பிக்கும் ஸ்தாபனம் ஒன்றையும் நிறுவியிருக்கிறார். சிலாக்கியமான காரியங்கள், ஆனால் ஒரு மாநிலத்தின் பெண்கள் அத்தனை பேருடைய பாரத்தையும் ஓர் இயக்குநரின் நல்லெண்ணத்தின் மேல் ஏற்றிவைப்பது முறையன்று.

அரசு செலவழிக்கலாமா என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்லுகிறேன். கேரளத்துத் திரைப்பட வளர்ச்சிக் கழகம், பெண் இயக்குநர்களின் படங்களுக்கென்று, ஒரு படத்துக்கு 1.5 கோடி ரூபாய் வரை கொடுக்கும் திட்டம் வைத்திருக்கிறது. தாரா ராமானுஜனின் ‘நிஷித்தோ’, ஸ்ருதி சரண்யத்தின் ‘பி 32 முதல் 44 வரெ’, சிவரஞ்சினியின் ‘விக்டோரியா’ அதில் உருவானவை. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மாதம் 15,000 ரூபாய் வீதம் 50 பெண்களுக்கு ஓராண்டு உதவித்தொகை கொடுத்தால் 90 லட்சம் ஆகிறது. இரவு வண்டிச் செலவைத் தயாரிப்பாளர் ஏற்க வேண்டும். சிறு முதலீட்டுப் படங்களுக்கு அரசு தருகிற மானியத்தையும், துறைமுகத்திலும் அரசு இடங்களிலும் படம்பிடிக்க அளிக்கிற அனுமதியையும், ஒரு யூனிட்டுக்கு இரண்டு பயிற்சிப் பெண்கள் என்ற நிபந்தனையோடு இணைத்துவிட்டால் அவர் ஏற்பார். தங்கும் இடத்துக்கு பணிபுரியும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகளில் சில அறைகளை ஒதுக்கலாம். முதல் 50 பேரில் பாதியையாவது ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையிலுள்ள பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இருந்து எடுக்க வேண்டும் என்று கேட்பதற்கு இந்தப் பகுதிக்கு உரிமை இருக்கிறது. செய்தித் துறை இதற்கு ஓர் அரசாணை போட்டால் போதும். சட்டமன்றம் கூட வேண்டிய விஷயம்கூட அல்ல இது.